பத்துக்கு மேல் இருக்கக் கூடாது

உட்காருங்கள் பாஸ்டர். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். காபி போடட்டுமா? பிறகா? சரி, பிறகு.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வீடு சந்திக்க வருகிறேன் என்று போனில் சொன்னீர்கள். இந்தச் சபைக்கு வந்து நீங்கள் இன்னும் பாதி வீடுகளுக்குக் கூடப் போகவில்லை. என் வீடு ஹூஸ்டனுக்கு வெளியே, சோளக்காட்டுப் பக்கம். வரிசைப்படி வந்தால் என் முறை கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் வரும். என் மருமகள் ஷெரின் சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, அதற்காகத் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம்.

சேதி என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அவள் என் பேத்தி ரூத்தைக் கூட்டிக்கொண்டு டொராண்டோவுக்குப் போகிறாள், அவள் அண்ணன் வீட்டுக்கு. ஒரேயடியாகப் போகிறாள். போவதற்கு முன்னால் பிள்ளையை இங்கே கொண்டுவந்து காட்டுவாள். ஆனால் மேல் அறை அலமாரியில் இருக்கிற ரைஃபிள் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். போனால் பிள்ளை வரும். போகாவிட்டால் வராது. இதுதானே? நீங்கள் தலையை ஆட்டுகிற விதத்திலேயே தெரிகிறது, அவள் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருக்கிறாள்.

என் பக்கத்தையும் ஒருவர் கேட்க வேண்டும் அல்லவா? அவள் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தீர்ப்புச் சொல்ல வரவில்லை என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த ரைஃபிள் முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. இந்த டெக்சாஸில் அதைவிடச் சட்டத்துக்கு உட்பட்ட ரைஃபிள் எத்தனை வீட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேச்சில் இது விட்டுப்போகிறது.

நான் தூத்துக்குடிக்காரன். பெயர் ஆசீர்வாதம். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தேன். கப்பலில் வருகிற சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுப்பது. முந்திரிக் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். நம் ஊரில் உடைத்துத் தோலை எடுத்து டின்னில் அடைத்து வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள். அந்த முந்திரி எந்த நாட்டு முந்திரி? நீங்கள் சிரிக்கிறீர்கள். அதற்கு விதி இருக்கிறது பாஸ்டர். எவ்வளவு வேலை எங்கே நடந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் சரக்கு வெயிலில் கிடக்கும். பிறகு இங்கே வந்தேன். இங்கேயும் துறைமுகம்தான், இங்கேயும் அதே வேலைதான். சைக்கிள் வரும், சட்டகம் ஒரு நாடு, சக்கரம் ஒரு நாடு. என் மேசைக்கு வந்தால் அதன் ஊரைச் சொல்லி அனுப்புவேன். ஓய்வு பெறும் வரைக்கும் என் கையில் ஒரு கன்டெய்னர் தவறிப் போனதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த காரியம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஷெரினுக்குப் புரியவில்லை.

என் மகன் எபனேசர். எபி என்போம். இங்கே வரும்போது சின்னப் பிள்ளை. அவன் அம்மா எமிலி இங்கே வந்த பிறகு சீக்கிரமே இறந்துபோனாள், நான்தான் வளர்த்தேன். எண்ணெய்க் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். அவன் கூட வேலை பார்த்த வெள்ளைக்காரப் பையன்கள் சனிக்கிழமை காட்டுப்பன்றி சுடப் போவார்கள். இங்கே பன்றி வயலை உழுது போட்டுவிடும், விவசாயியே வந்து சுடு என்று கூப்பிடுவான். எபியும் போனான். ஒரு ரைஃபிள் வாங்கினான். வெளிநாட்டில் செய்தது. செமி ஆட்டோமேட்டிக் என்பார்கள், ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டா அதுவே ஏறிக்கொள்ளும். ஷெரினுக்கு அப்போதே பிடிக்கவில்லை. "ஏன், பன்றிக் கறி கடைல கிடைக்கலியா?" என்று கேட்டாள். அவன், "கடைப் பன்னி ஓடாதே" என்றான். அப்போதெல்லாம் சிரிப்பார்கள்.

அது வரும்போது வேட்டைத் துப்பாக்கி மாதிரி மரக்கட்டையோடு வந்தது. இவன் அதை மாற்றினான். மரக்கட்டையைக் கழற்றிவிட்டு வேறு கட்டையும், கைத்துப்பாக்கிக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடியும் வைத்தான். நீளமான தோட்டாப் பெட்டி வாங்கினான். கைப்பிடி வழுக்குகிறது என்று கிரிக்கெட் மட்டைக்குச் சுற்றுவதுபோல டேப் சுற்றினான். அதற்கு ஒரு சட்டம் இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அப்போது தெரியாது. நான் துப்பாக்கிச் சரக்கு பார்த்ததில்லை.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. அவன் பிரிவையே மூடினார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான். கராஜில்தான் அதிகம் இருப்பான். அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டான். ரூத் காலையில் சீக்கிரம் எழுந்து சத்தம் போடுகிறாள், தூக்கம் கெடுகிறது என்றான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வேலை தேடுகிறவனுக்குத் தூக்கம் வேண்டும். நாயைச் சிநேகிதன் ஒருவனுக்குக் கொடுத்தான். அதுவும் சரி, செலவைக் குறைக்கிறான் என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஷெரின் ரூத்தை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். எபி எனக்குப் போன் பண்ணினான். நிதானமாகப் பேசினான் பாஸ்டர். அப்படி அவன் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. "அப்பா, பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டான். "கராஜ் கதவு மோட்டார் அடிக்கடி மக்கர் பண்ணுது, யாரைக் கூப்பிடணும்னு ஷெரினுக்குத் தெரியாது. அந்த ஆளோட நம்பரை நீங்க குறிச்சு வச்சுக்கோங்க" என்று நம்பர் சொன்னான். வண்டியின் இன்னொரு சாவி எந்த டிராயரில் இருக்கிறது என்று சொன்னான். "நல்லாச் சாப்பிடுங்கப்பா" என்று சொல்லி வைத்தான்.

நான் எல்லோரிடமும் இதைத்தான் கேட்கிறேன். கராஜ் கதவுக்கு நாளைக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கிறவன், நாளையைப் பற்றி அவ்வளவு பொறுப்பாக இருக்கிறவன், அப்படி ஒன்றைச் செய்வானா? நீங்களே சொல்லுங்கள். சொல்ல வேண்டாம். கேளுங்கள்.

அதற்குப் பிறகு ரைஃபிளைத் துடைத்திருக்கிறான். துடைக்கும்போது வெடித்துவிட்டது. விபத்து.

ஷெரின், "துடைக்கல மாமா. துடைக்கிற துணி டப்பாவுக்குள்ளயேதான் இருந்தது" என்றாள். கதவைத் திறந்து பார்த்தவள் அவள்தான். அந்த நேரத்தில் துணி எங்கே இருந்தது என்று எந்தப் பெண்ணுக்காவது நினைவிருக்குமா? போலீஸும் அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினார்கள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல பெண். எபியை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவள் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் மாற்ற மாட்டாள்.

விசாரணை முடிந்த பிறகு பொருளைத் திருப்பித் தருகிறோம் என்று போலீஸிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் சொன்னாள். "ஒரு கையெழுத்துப் போட்டா அவங்களே உருக்கிடுவாங்களாம் மாமா. நான் போட்டுடுறேன்."

நான், "வேண்டாம்மா, அது எபியோட பொருள்" என்றேன்.

"எபியோட பொருள் எவ்வளவோ இருக்கு. சட்டை இருக்கு, கிடார் இருக்கு. பாதிப் படிச்ச புஸ்தகம் இருக்கு. அதெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

"கிடார்ல என்னம்மா தெரியும்?" என்றேன்.

அவளுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. எனக்கு வேண்டியது நினைவுச் சின்னம் இல்லை பாஸ்டர். அதில் ஒரு குறை இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யாராவது பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். உருக்கிவிட்டால் யார் சொல்வார்கள்? நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன்.

ராய் என்று ஒரு கிழவன், ரோசன்பர்க் ஊரைத் தாண்டி ஒரு கடை வைத்திருக்கிறான், துப்பாக்கி பழுது பார்ப்பவன். அவனிடம் கொண்டு போனேன். டிரிக்கரைச் சோதித்துப் பார் என்றேன். என்ன ஆச்சு என்று கேட்டான். சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். அவன் நல்லவன். என்னென்னவோ எடை வைத்து இழுத்தான், கீழே தட்டினான், மேலே தட்டினான். கடைசியில், "டிரிக்கர் நன்றாக இருக்கிறது, ஐயா" என்று அவன் பாஷையில் மெதுவாகச் சொன்னான். "இன்னொரு முறை பார்" என்றேன். பார்த்தான். அதையே சொன்னான். அவன் ஒருவன்தானே, அவனுக்கு எல்லாம் தெரியுமா?

ஆனால் அவன் இன்னொன்று சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. "இதை மாற்றி வைத்தது யார்? இது சட்டப்படி இல்லையே" என்றான்.

என்ன சட்டம் என்றால், வெளிநாட்டிலிருந்து வேட்டைத் துப்பாக்கியாக வந்ததை அப்படியே வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. அதன் உருவத்தை மாற்றிப் போர்க்கருவி மாதிரி ஆக்கினால் ஒரு கணக்கு வரும். இருபது பாகங்களை அரசாங்கம் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. குழல், டிரிக்கர், கைப்பிடி, தோளில் வைக்கிற கட்டை, தோட்டாப் பெட்டி, அந்தப் பெட்டிக்குள் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கிற தகடு, பெட்டியின் அடியை மூடுகிற அடித்தகடு, இப்படி. அந்த இருபதில் வெளிநாட்டில் செய்தது பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கூடினால் சட்ட விரோதம். குறைந்தால் உள்நாட்டுத் துப்பாக்கியாகக் கணக்கு. எபி மாற்றிய கைப்பிடியும் வெளிநாடு, தோட்டாப் பெட்டியும் வெளிநாடு. பத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

பாருங்கள், இதுதான் காரணம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஒழுங்காக இல்லாத சரக்கு. ஒன்றோடு ஒன்று ஒட்டாத பாகங்கள். அதில் விபத்து நடக்காமல் வேறு எதில் நடக்கும்? அன்று சாயங்காலமே ஷெரினுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "சரி மாமா" என்று மட்டும் சொன்னாள். 

அந்த வாரம்தான் ரூத் இங்கே வந்தாள். வாரா வாரம் வருவாள் அப்போது. நான் தோசை சுட்டுக் கொடுப்பேன், வரைபடம் மாதிரி ஓரமெல்லாம் கிழிந்து வரும், அது எந்த நாடு என்று சொல்வாள். அன்றைக்குத் தோசையைத் தொடாமல், "தாத்தா, அப்பாவோட கன் இங்கதான் இருக்கா?" என்று கேட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்வதா? "இருக்கும்மா, பத்திரமா இருக்கு, பயப்படாதே" என்று கூட்டிக்கொண்டுபோய் அலமாரியைக் காட்டினேன். பூட்டைக் காட்டினேன். பூட்டு எவ்வளவு உறுதி என்று இழுத்தும் காட்டினேன். அவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். பிறகு கீழே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்றாள். நல்ல வெயில். உள்ளே வா என்றால், "அம்மா வர்றாங்களான்னு பாக்குறேன்" என்றாள். அம்மா சாயங்காலம்தான் வருவாள். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பிடிவாதம் வரும். களைப்பாக இருந்திருக்கும்.

மறுநாள் ஷெரின் போன் பண்ணினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அது உங்க வீட்ல இருக்கக் கூடாது மாமா. இருக்கிற வரைக்கும் ரூத் அங்க வர மாட்டா" என்றாள்.

நான் என்ன நினைப்பேன்? சட்டப்படி இல்லை என்று நான் சொன்ன அதே வாரம் அவள் இருக்கக் கூடாது என்கிறாள். சட்டத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எபிக்குப் பிறகு அவள் பேருக்கு வந்த பொருள், கையெழுத்துப் போட்டு நான் வாங்கி வந்திருக்கிறேன், நாளைக்கு ஏதாவது ஆனால் பிள்ளையோடு தனியாக இருக்கிறவள். நியாயமான பயம். சரி, இதை நான் தீர்த்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். என் வேலையே அதுதானே.

ராயிடம் போய் அமெரிக்காவில் செய்த பாகங்கள் என்னென்ன கிடைக்குமோ எல்லாம் வரவழைத்தேன். வருவதற்கு நாளாயிற்று. ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றாகப் போய் மாற்றி வருவேன். சனிக்கிழமைகளில் ரூத் வருவதில்லை, எனக்கும் வேறு வேலை இல்லை. ராய் ஒரு நாள் கேட்டான், "இதற்குப் பழைய மரக்கட்டையையே திரும்பப் போட்டுவிடலாமே, சட்டம் சரியாகிவிடும்" என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எபி எப்படி வைத்திருந்தானோ அப்படியேதான் இருக்க வேண்டும், ஆனால் சட்டப்படி இருக்க வேண்டும் என்றேன். கட்டை மாறியது. கைப்பிடி மாறியது. தோட்டாப் பெட்டி மாறியது. அவன் டேப் சுற்றின கைப்பிடியை ராய் கழற்றி ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான். டேப்பில் அவன் உள்ளங்கை அழுந்தின அழுக்கு இருந்தது. அது வெளிநாட்டுக் கைப்பிடி, என்ன செய்வது? இப்போது அந்த ரைஃபிளில் அவன் தினமும் கை வைத்த இடம் என்று எதுவும் இல்லை. கணக்குக்கு அப்படித்தான் வந்தது.

டிரிக்கரை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டு டிரிக்கர்தான், பத்துக்குள் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? குறை அதில்தான் என்றால் அதைத்தானே முதலில் மாற்ற வேண்டும் என்கிறீர்களா? ஷெரினும் பிறகு இதையேதான் கேட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூளை. அதை மாற்றிவிட்டால் பிறகு எதைக் காட்டி நிரூபிப்பேன் பாஸ்டர்? அது சாட்சி. ராய் சொன்னால் ஆயிற்றா? இன்னொருவன் பார்ப்பான். அவன் குறையைக் கண்டுபிடிப்பான்.

எல்லாம் முடிந்த அன்று ஷெரினைக் கூப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன்.

"இனிமே பயப்பட ஒண்ணுமில்லம்மா. எல்லாம் சட்டப்படி ஆயிடுச்சு."

"எது மாமா?"

"ரைஃபிள்தான். வெளிநாட்டுப் பாகம் சரியாப் பத்து. பத்து வரைக்கும் இருக்கலாம்."

"மாமா, நான் என்னைக்காவது சட்டத்தைப் பத்திப் பேசினேனா?" என்றாள்.

"நீதானம்மா இருக்கக் கூடாதுன்னு சொன்னே."

"ஆமா. இருக்கக் கூடாது."

"அதான் சொல்றேன், இப்ப இருக்கலாம். ரூத்தை இந்தச் சனிக்கிழமை கூட்டிட்டு வா."

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சுவது மாதிரியும் இருந்தது. போனில் எப்படித் தெரியும்? அடுத்து அவள் பேசினது டொராண்டோவைப் பற்றித்தான். அண்ணன் கூப்பிடுகிறான், இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் எபி நிற்கிறான் என்றாள். எனக்கு இந்த ஊரை விட்டால் எபி வேறு எங்கே நிற்பான்?

இல்லை, தண்ணீர் வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறேன்.

தூத்துக்குடியில் என் தம்பி சாலமோன் இருக்கிறான். எபிக்கு அங்கே ஆலயத்தில் ஒரு நினைவு ஆராதனை வைத்தான். கார்டு அடித்தான். எப்படி இறந்தான் என்று கேட்டபோது விபத்து என்று சொன்னேன். அவன் "விபத்தில்" என்று அடித்துவிட்டான். ஆராதனைக்கு முன்னாலேயே இங்கிருந்து போன யாரோ அங்கே போய் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள். சாலமோன் வீட்டுக்காரி போனில் கேட்கிறாள், "அத்தான், கார் விபத்துதானே? எல்லாரும் கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?" என்று. நான் துப்பாக்கி துடைக்கும்போது என்றேன். "அப்ப விபத்துதான்" என்றாள். நல்ல மனுஷி. ஆனால் ஆராதனையில் எத்தனை பேர் முன்வரிசையில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தார்கள் என்று சாலமோன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பிள்ளை பெயரை அந்த ஆலயத்தில் வாசித்தார்கள். அந்த ஆலயத்தில்தான் அவனுக்கு ஞானஸ்நானம்.

வேண்டாம் பாஸ்டர். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரியும். மனம் நோயுற்ற பிள்ளையை ஆண்டவர் ஒதுக்க மாட்டார், அந்த மாதிரி மரித்தவர்களுக்கும் அவர் இரக்கமுள்ளவர், அதுதானே? நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் இரக்கம் என்று சொன்னால் அது நடந்தது என்று ஆகிவிடும். விபத்துக்கு யாரும் இரக்கம் கேட்பதில்லை.

இதையும் கேட்டுவிடுங்கள், வாயில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பேத்தி முக்கியமா, இரும்பு முக்கியமா? அதுதானே? என்ன கேள்வி இது. ரூத்துக்காக நான் என் கண்ணைக் கூடத் தோண்டிக் கொடுப்பேன். ஆனால் அதைக் கொடுத்துவிட்டால், ஷெரின் சொன்னது சரி என்று நான் ஒத்துக்கொண்டதாக ஆகும். அப்பா என்கிறவன் ஒருவனாவது ஒத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டாமா? உலகத்தில் ஒருவனாவது?

இருங்கள். காட்டுகிறேன். நீங்கள் பார்த்தால்தான் தெரியும்.

இதோ. பின்னால் போகாதீர்கள், தோட்டா இல்லை. இந்த வீட்டிலேயே ஒரு தோட்டா கிடையாது. இப்படி மேசை மேல் வைக்கிறேன், வாய் சுவர்ப் பக்கம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பாருங்கள். குழல், வெளிநாடு. இந்த உடம்பு, வெளிநாடு. உள்ளே இருக்கிற இந்தச் சாமான்கள் வெளிநாடு, ராய் ஒவ்வொன்றாகக் காட்டினான், நான் எண்ணினேன். டிரிக்கர், வெளிநாடு, சொன்னேனே. கைப்பிடி, அமெரிக்கா. பார்த்தீர்களா, எழுத்து வெட்டியிருக்கிறது. கட்டை, அமெரிக்கா. இங்கே எழுத்து. தோட்டாப் பெட்டி, அமெரிக்கா. உள்தகடு, அமெரிக்கா. அடித்தகடு...

அடித்தகடு.

உங்கள் கண்ணாடியைக் கொஞ்சம் கொடுங்கள். இந்தப் பக்கம் விளக்கைத் திருப்புங்கள்.

இதில் எழுத்து இல்லை பாஸ்டர்.

ஆமாம், பெட்டியோடு சேர்ந்துதான் வந்தது. பெட்டியில் எழுத்து இருக்கிறது. ஆனால் அடித்தகடு தனிப் பாகம். சட்டத்தில் அது தனியாகத்தான் கணக்கு. இதில் எந்த நாடு என்று இல்லை. ராய் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. தினமும் எடுத்துத் துடைக்கிறேன், கவனிக்கவில்லை.

பெட்டி இங்கே செய்ததென்றால் தகடும் இங்கேதான் செய்திருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். முத்திரை இல்லாத சரக்கை உள்ளூர்ச் சரக்கு என்று நான் ஒருநாளும் எழுதினதில்லை. எந்த நாடு என்று தெரியாவிட்டால் வெளிநாடு. தூத்துக்குடியிலும் அப்படித்தான் செய்தேன், இங்கேயும் அப்படித்தான் செய்தேன். எத்தனை முதலாளிகள் கெஞ்சியிருக்கிறார்கள். விட்டதில்லை.

அப்படியென்றால் பதினொன்று.

பதினொன்று ஆகிவிட்டது பாஸ்டர். சட்டப்படி இல்லை.

மாற்றலாம். மாற்றலாம்தான். ஆனால் ராய் சொல்லிப் பாகம் வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவர்கள் சனிக்கிழமை போகிறார்கள். அதுவரைக்கும் இது இந்த வீட்டில் எப்படி இருக்கும்? நான் அப்படி வைத்துக்கொள்கிறவன் இல்லை. தெரியாமல் இருந்தது வேறு. தெரிந்த பிறகு வைத்துக்கொள்ள முடியாது.

ராய்க்குப் போன் பண்ணுகிறேன். அவன் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், அவன் உருக்க அனுப்பிவிடுவான். ஆமாம், உருக்கத்தான். சரியில்லாத சரக்கை வேறு என்ன செய்வார்கள்? போகும் வழிதான் உங்களுக்கு. நான் வரவில்லை. நீங்கள் கொண்டு போங்கள். ராயிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஷெரினிடம் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொல்லுகிற மாதிரியே சொல்ல வேண்டும். மாமா ஒத்துக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தையே வர வேண்டாம். கணக்கில் ஒன்று கூடிவிட்டது, சட்டப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் போய்விட்டது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அவள் ஏதாவது கேட்டால், அடித்தகடு என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியாது. புரிய வேண்டியதும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவாளா? பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வரட்டும். அந்த அறையை நான் திறந்தே வைத்திருப்பேன், ரூத் வேண்டுமென்றால் போய்ப் பார்க்கட்டும், ஒன்றும் இல்லை என்று. மாவு நாளைக்கே ஆட்டி வைத்துவிடுகிறேன். காபி நீங்கள் குடிக்கவே இல்லை. சரி, வெள்ளிக்கிழமை நீங்களும் வாருங்கள்.

இந்தப் போர்வையில் சுற்றித் தருகிறேன். வண்டியின் பின்னால் படுக்கப் போடுங்கள், வழியில் நிற்காதீர்கள். இந்தாருங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், கனமாக இருக்கும். ஏன் இப்படி உடம்பை விட்டுத் தள்ளிப் பிடிக்கிறீர்கள்? பயப்படாமல் பிடியுங்கள் பாஸ்டர். அது தானாக ஒன்றும் வெடிக்காது.